ஒட்டியதைப் பிரிக்கும் அறிவியல்: சாயம் உரியாமல் பிரதிபலிப்பானை அகற்றுவது எப்படி?



நீலாய், லாபு, பத்தாங் பெனார் வட்டாரத் தோட்டக் குடியிருப்புகளிலும் தாமான்களிலும் மாலையில் ஒரு சுற்று வந்தால், வாசலுக்கு வாசல் மோட்டார் சைக்கிள் நிற்பதைப் பார்க்கலாம். சிலவற்றில் பொருள் வைக்க இருபுறமும் பக்கப் பெட்டிகள் இருக்கும். அந்தப் பெட்டிகளின் மேல் சிவப்பு நிறத்தில் ஒட்டுவகைப் பிரதிபலிப்பான்களும் இருக்கும். கடையில் 'ரிப்ளெக்டர்' என்று கேட்டு வாங்குகிறோமே, அதுதான்.

சில ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் கிடந்தபின் அவை வெளிறிப் போகின்றன, விரிசல் விடுகின்றன. பழையதை எடுத்துவிட்டுப் புதியது ஒட்டலாம் என்று ஸ்குரூடிரைவரால் நெம்பினால், பிரதிபலிப்பானோடு பெட்டியின் சாயமும் பெயர்ந்து வந்துவிடுகிறது. சாயத்துக்குப் பயந்தே பலர் பழையதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். அது சரியான முடிவா? சாயத்தைக் காப்பாற்றிக்கொண்டே பழையதை எடுக்க முடியாதா? இந்த வாரம் இந்த இரண்டு கேள்விகளுக்கும் இயற்பியல், வேதியியல் இரண்டின் துணையோடு விடை தேடுவோம்.

பழைய பிரதிபலிப்பானை ஏன் மாற்ற வேண்டும்?

சாதாரணக் கண்ணாடியில் சாய்வாக விழும் ஒளி வேறு பக்கம் திரும்பிப் போய்விடும். பிரதிபலிப்பான் அப்படியல்ல. ஒளி எந்தத் திசையிலிருந்து வந்ததோ, அதே திசைக்கு அதைத் திருப்பி அனுப்பும். பின்னால் வரும் லாரியின் விளக்கொளி அந்த லாரி ஓட்டுநரின் கண்ணுக்கே திரும்பிப் போவதால்தான் அவருக்கு அது பளிச்சென்று தெரிகிறது.

கெட்டிப் பிளாஸ்டிக் பிரதிபலிப்பானின் உட்புறத்தை உற்றுப் பாருங்கள். சின்னஞ்சிறு மூலைகள் வரிசையாக இருக்கும். ஓர் அறையின் மூலையில் இரண்டு சுவர்களும் தரையும் சந்திப்பதுபோல, மூன்று சமதளங்கள் ஒன்றுக்கொன்று செங்குத்தாகச் சந்திக்கும் அமைப்பு அது. அந்த மூன்றிலும் மோதித் திரும்பும் ஒளி, வந்த வழியே போகும். 1969இல் அப்பல்லோ 11 விண்வெளி வீரர்கள் நிலவில் வைத்துவிட்டு வந்த கருவியிலும் இதே தத்துவம்தான். பூமியிலிருந்து அனுப்பும் லேசர் ஒளி அதில் பட்டுப் பூமிக்கே திரும்புகிறது.

இந்தச் சமதளங்களில் ரசம் பூசப்படுவதில்லை. படிவம் 4 இயற்பியலில் வரும் முழு அக எதிரொளிப்புதான் இங்கே வேலை செய்கிறது. கணக்கிட்டுப் பார்ப்போம். அக்ரிலிக் பிளாஸ்டிக்கின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.49. அதன் பின்னால் காற்று இருந்தால் மாறுநிலைக் கோணம் ஏறத்தாழ 42 பாகை. நேராக வரும் ஒளி, மூலையின் ஒவ்வொரு சமதளத்திலும் ஏறத்தாழ 55 பாகைக் கோணத்தில் விழுகிறது. 55 என்பது 42ஐவிடப் பெரியது. ஆகவே ஒளி முழுவதும் திரும்பிவிடும்.

இப்போது விரிசல் வழியாக மழைநீர் உள்ளே புகுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீரின் ஒளிவிலகல் எண் 1.33. பிளாஸ்டிக்கின் பின்னால் காற்றுக்குப் பதில் நீர் இருந்தால் மாறுநிலைக் கோணம் ஏறத்தாழ 63 பாகையாக உயர்கிறது. 55 என்பது 63ஐவிடச் சிறியது. ஒளியின் பெரும்பகுதி நீருக்குள் நழுவிப் போய்விடும், திரும்பி வராது. பகலில் பார்த்தால் அதே சிவப்புப் பிளாஸ்டிக்தான். இரவில், மழையில், நமக்கு அது மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் இருண்டுபோகிறது.

மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு வினாடியில் 25 மீட்டர் கடக்கிறது. முன்னால் செல்லும் மோட்டார் சைக்கிளை 100 மீட்டர் முன்கூட்டியே பார்த்துவிட்டால், ஓட்டுநருக்கு அந்த வேகத்தில் 4 வினாடிகள் கூடுதலாகக் கிடைக்கின்றன. இரவு வேலை முடிந்து வீடு திரும்பும் உங்கள் அப்பாவுக்கோ அண்ணனுக்கோ அந்த 4 வினாடிகள் பெரியவை. ஆகவே, செத்துப்போன பிரதிபலிப்பானை அப்படியே விடுவது சரியல்ல.

எது விடுகிறது?

பிரதிபலிப்பான் ஒட்டியிருக்கும் இடத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் பல அடுக்குகள் தெரியும். அடியில் பெட்டியின் பிளாஸ்டிக் அல்லது உலோகம். அதன்மேல் அடிப்பூச்சு, நிறச் சாயம், பளபளப்புக்கான மேல்பூச்சு. அதற்கும் மேல் பசை. உச்சியில் பிரதிபலிப்பான்.

நீங்கள் பிரதிபலிப்பானைப் பிடித்து இழுக்கும்போது அந்த இழுவிசை பசை வழியாக எல்லா அடுக்குகளுக்கும் போய்ச் சேர்கிறது. எந்த இணைப்பு எல்லாவற்றிலும் பலவீனமானதோ, அது முதலில் விடும். பசை பலவீனமாக இருந்தால் பசை விடும். சாயத்தின் பிடி பலவீனமாக இருந்தால் சாயம் உரியும்.

இந்தப் பாடத்தின் மையக் கருத்து இதுதான்: அதிக பலத்தோடு இழுப்பது நம் வேலையல்ல. எல்லா அடுக்குகளிலும் பசையையே மிகப் பலவீனமான அடுக்காக மாற்றுவதுதான் நம் வேலை. பசை தாங்கக்கூடிய அளவுக்கு மேல் எந்த விசையும் சாயத்தைப் போய்ச் சேர முடியாது. பசை தளர்ந்துவிட்டால் சாயம் தப்பித்துவிடும்.

சாயமும் பசையும் மோதிய பழைய கதை

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் வந்ததல்ல. 1920களில் அமெரிக்காவில் இரு நிறக் கார்கள் மிகவும் விரும்பப்பட்டன. ஒரு நிறம் பூசிய பகுதியைத் தாளால் மூடி, தாளின் ஓரத்தைப் பசையால் ஒட்டிவிட்டு, மற்ற நிறத்தைப் பூசுவார்கள். பிறகு தாளை இழுத்தால் புதிதாகப் பூசிய சாயமும் கூடவே உரிந்து வரும். மறுபடியும் முதலிலிருந்து பூச வேண்டும்.

மின்னசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரில் த்ரீ எம் நிறுவனத்தில் ரிச்சர்ட் ட்ரூ என்ற இளைஞர் ஆய்வுக்கூட உதவியாளராக இருந்தார். அந்த நிறுவனம் அப்போது உப்புத்தாள் தயாரித்துக்கொண்டிருந்தது. 1923இல் அந்தத் தாளைச் சோதித்துப் பார்க்க ஒரு கார்ப் பட்டறைக்குப் போன ட்ரூ, சாயம் பூசுபவர்களின் தொல்லையைக் கண்டார். நன்றாக ஒட்டவும் வேண்டும், சாயத்தைத் தொடாமல் உரிந்து வரவும் வேண்டும். அப்படியொரு நாடாவுக்கான முயற்சி 1925இல் வெற்றி பெற்றது. இன்று சாயம் பூசும்போது ஓரங்களில் ஒட்டும் 'மாஸ்கிங் டேப்' அப்படிப் பிறந்ததுதான். 1930இல் அவர் கண்ணாடிபோன்ற செல்லோபேன் டேப்பையும் உருவாக்கினார். அதன் பசையில் நமக்கு நெருக்கமான ஒரு பொருள் இருந்தது: இயற்கை ரப்பர்.

பசைக்குள் ஒரு ரப்பர்த் தோட்டம்

மலாயாவில் வணிக நோக்கில் முதல் ரப்பர்த் தோட்டம் போட்டவர் டான் சாய் யான். ஆண்டு 1896, இடம் மலாக்காவின் புக்கிட் லிந்தாங். அதன்பின் நெகிரி செம்பிலானிலும் காடுகள் ரப்பர்த் தோட்டங்களாயின. நம்மில் பலருடைய தாத்தா பாட்டிமார் பால் வெட்டியது அந்த மரங்களில்தான். அப்படிக் கிடைத்த ரப்பர் டயருக்கு மட்டும் போகவில்லை, ஒட்டும் நாடாக்களுக்கும் போனது.

ரப்பர் என்பது ஐசோப்ரீன் என்ற சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கோத்த நீண்ட சங்கிலி. படிவம் 5 வேதியியலில் பலபடிச் சேர்மம் என்ற பாடத்தில் இதைச் சந்திப்பீர்கள். ரப்பரோடு பைன் மரப் பிசின் போன்ற பிசினைக் கலந்தால், விரலால் அழுத்திய உடனே ஒட்டிக்கொள்ளும் பசை கிடைக்கும். இதற்கு அழுத்தப் பசை என்று பெயர். இது காய்வதில்லை. எப்போதும் பாதித் திரவமாகவும் பாதித் திண்மமாகவும் இருக்கும்.

தீபாவளி, ஹரிராயா காலத்தில் சாப்பிடும் டோடோலை நினைத்துப் பாருங்கள். மெதுவாக இழுத்தால் நீளும். வெடுக்கென்று இழுத்தால் எதிர்த்து நிற்கும். குளிர்பெட்டியில் வைத்தால் இறுகும், சூடாக இருந்தால் இளகும். அழுத்தப் பசையும் அப்படியே. மெதுவாக இழுக்கும்போது அதன் நீண்ட சங்கிலிகளுக்கு ஒன்றையொன்று தாண்டி வழுக்கிச் செல்ல நேரம் கிடைக்கிறது. வேகமாக இழுத்தால் அந்த நேரம் கிடைப்பதில்லை, பசை கெட்டிப் பொருளைப்போல் நடந்துகொள்கிறது. சூடு சங்கிலிகளின் அசைவைக் கூட்டுகிறது, அதனால் பிடி தளர்கிறது.

இயற்கை ரப்பர்ச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் உண்டு. வெயிலும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் அவற்றைத் தாக்குவதால் பசை பழுப்பாகி, இறுகி, உதிரத் தொடங்கும். அதனால் வெளியில் பயன்படும் பிரதிபலிப்பான்களுக்கு இப்போது பெரும்பாலும் அக்ரிலிக் பசை பூசிய இரட்டைப்பக்க நுரை டேப் பயன்படுகிறது. அது வெயிலை அதிகம் தாங்கும். அதை எடுப்பதும் சற்றுக் கடினம்.

நம் கையிலுள்ள மூன்று கருவிகள்

முதல் கருவி, மிதமான சூடு. கையால் தொட்டால் பொறுத்துக்கொள்ளும் அளவு சூடு போதும். பக்கப் பெட்டிகள் பலவற்றில் பயன்படும் ஏபிஎஸ் பிளாஸ்டிக் ஏறத்தாழ 100 பாகை செல்சியஸில் இளகத் தொடங்கும். சாயம் உரிக்கப் பயன்படும் வெப்பத் துப்பாக்கி பல நூறு பாகை வரை போகும். ஆகவே அது வேண்டாம். முடி உலர்த்தும் கருவியோ, சுடுநீரில் நனைத்துப் பிழிந்த துணியோ போதும்.

இரண்டாவது கருவி, திசையும் பொறுமையும். ஸ்டிக்கர்போல் வளையும் மெல்லிய பிரதிபலிப்புத் தாளை எப்படி உரிப்பது? மேல்நோக்கி 90 பாகையில் இழுத்தால், 1 சென்டிமீட்டர் உரிய உங்கள் கை 1 சென்டிமீட்டர் நகரும். தாளைப் பின்னால் முழுவதும் மடித்து 180 பாகையில் இழுத்தால், அதே 1 சென்டிமீட்டர் உரிய கை 2 சென்டிமீட்டர் நகரும். வேலை = விசை × இடப்பெயர்ச்சி. பசையைப் பிரிக்கத் தேவையான வேலை ஏறத்தாழ ஒன்றே என்று கொண்டால், இரண்டாவது முறையில் விசை பாதியாகிறது. சாயத்தை மேல்நோக்கித் தூக்கும் இழுப்பும் குறைகிறது.

கெட்டிப் பிளாஸ்டிக் பிரதிபலிப்பானை மடிக்க முடியாது. அதற்கு நூல் வேண்டும். பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலோ தூண்டில் நரம்போ பசை அடுக்குக்குள் நுழைந்து, ரம்பம்போல் பசையை மட்டும் அறுக்கும். சாயத்தின்மேல் இழுவிசை மிகக் குறைவு. ஸ்குரூடிரைவர் செய்வது நேர்மாறான வேலை. நெம்புகோலாகி விசையைப் பெருக்குவதோடு, அதன் முனை ஊன்றும் இடத்தில் சாயத்தையும் நசுக்குகிறது.

மூன்றாவது கருவி, கரைப்பான். ஒத்தது ஒத்ததைக் கரைக்கும் என்பது வேதியியலின் பயனுள்ள விதி. ரப்பர்ப் பசை முனைவற்ற பொருள். எண்ணெயும் அப்படியே. சமையல் எண்ணெய் ரப்பர்ப் பசைக்குள் மெல்ல ஊறி அதை உப்பவைத்து இளக்கும். நம் வீட்டுச் சமையல் எண்ணெய் பெரும்பாலும் செம்பனையிலிருந்து வருகிறது. ஒரு காலத்தில் நம் தோட்டங்களில் நின்ற மரம் பசையைத் தந்தது, பின்னர் அந்த இடத்தில் நட்ட மரம் அதை இளக்க உதவுகிறது! யூகலிப்டஸ் தைலம் இன்னும் வேகமாக வேலை செய்யும். அக்ரிலிக் பசை சற்று முனைவுள்ளது. அதற்கு மருந்தகங்களில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் பொருத்தமானது.

அப்படியானால் கரைப்பான் சாயத்தையும் கரைத்துவிடாதா? நல்ல கேள்வி. தொழிற்சாலையில் பூசப்படும் சாயத்தின் மூலக்கூறுச் சங்கிலிகள் பெரும்பாலும் ஒன்றோடொன்று குறுக்கே பிணைக்கப்பட்டிருக்கும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கிய ரப்பரின் சங்கிலிகளைப் போல. 1839இல் சார்ல்ஸ் குட்இயர் கண்டுபிடித்த வல்கனைசேஷன் முறை அது. அப்படிப் பிணைந்த பொருள் எளிதில் கரையாது. ஆனால் டின் ஸ்பிரேயால் வீட்டில் அடித்த சாயத்தில் பல வகைகளுக்கு அந்தக் குறுக்குப் பிணைப்பு இல்லை. ஆல்கஹால்கூட அதைக் கரைத்துவிடலாம். எனவே, முதலில் மறைவான இடத்தில் சோதிக்காமல் எதையும் தேய்க்கக் கூடாது.

செய்முறை

பெரியவர் ஒருவர் உடனிருக்க, இயந்திரம் நன்றாக ஆறியபின், நிழலில் செய்யுங்கள்.

1. பெட்டியைச் சவர்க்கார நீரால் கழுவித் துடையுங்கள். மணல் ஒட்டியிருந்தால் தேய்க்கும்போது சாயத்தில் கீறல் விழும்.

2. பயன்படுத்தப்போகும் கரைப்பானை வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விட்டு, பெட்டியின் அடிப்பக்கத்தில் மெல்லத் தேயுங்கள். துணியில் நிறம் ஒட்டினாலோ சாயம் பிசுபிசுத்தாலோ அந்தக் கரைப்பானை ஒதுக்கிவிடுங்கள்.

3. முடி உலர்த்தும் கருவியை ஒரு சாண் தூரத்தில் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே ஓரிரு நிமிடம் சூடேற்றுங்கள். அந்த இடத்தைப் புறங்கையால் சில வினாடி தொட முடிய வேண்டும். முடியாவிட்டால் சூடு அதிகம்.

4. மெல்லிய தாளாக இருந்தால் ஒரு மூலையை நகத்தால் கிளப்பி, பின்னால் மடித்து, மிக மெதுவாக இழுங்கள். கெட்டிப் பிரதிபலிப்பானாக இருந்தால் அதன் பின்னால் நூலைச் செலுத்தி, இரு கைகளாலும் மாறி மாறி இழுத்து அறுங்கள். நூல் சாயத்தின் மேல் உராயாமல், பிரதிபலிப்பானின் முதுகை ஒட்டிச் செல்லட்டும். பசை ஆறி இறுகினால் மறுபடியும் சூடேற்றுங்கள்.

5. எஞ்சிய பசையைக் கட்டை விரலால் உருட்டுங்கள். பால் வெட்டுபவர்கள் விரலில் காய்ந்த பாலை உருட்டி எடுப்பதுபோல, பசையும் உருண்டையாகத் திரண்டு வரும். அந்த உருண்டையையே மீதிப் பசையின் மேல் ஒற்றி ஒற்றி எடுங்கள். பசை பசையோடுதான் நன்றாக ஒட்டும்.

6. இன்னும் மீதி இருந்தால் சமையல் எண்ணெயில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் அதன்மேல் வைத்துவிட்டுத் துடையுங்கள். அதற்கும் அசையாவிட்டால் அது அக்ரிலிக் பசையாக இருக்கலாம். சோதித்துப் பார்த்த ஆல்கஹாலைத் துணியில் தொட்டுத் துடையுங்கள். இந்தக் கட்டத்தில் முடி உலர்த்தும் கருவியைத் தூரமாக வைத்துவிடுங்கள். ஆல்கஹால் தீப்பற்றும்.

7. கடைசியில் பாத்திரம் கழுவும் திரவத்தால் எண்ணெயைப் போக்கி, நீரால் கழுவிக் காயவிடுங்கள்.

எல்லாம் முடிந்தபின் பழைய பிரதிபலிப்பான் இருந்த இடம் மட்டும் அடர்நிறமாகத் தெரியலாம். அது பசையல்ல. சுற்றியுள்ள சாயம் வெயிலில் வெளுத்துவிட்டது, மூடியிருந்த இடம் வெளுக்கவில்லை. எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது. புதிய பிரதிபலிப்பானை அதே இடத்தில் ஒட்டினால் மறைந்துவிடும்.

செய்யக் கூடாதவை

பெட்ரோலைத் தொடவே கூடாது. அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு பரவி, தூரத்திலுள்ள சிறு பொறியிலும் பற்றிக்கொள்ளும். தின்னரும், நகச்சாயம் நீக்கும் அசிட்டோனும் சாயத்தை மட்டுமல்ல, ஏபிஎஸ் பிளாஸ்டிக்கையே கரைக்கும். கத்தி, பிளேடு, பாத்திரம் தேய்க்கும் இரும்பு நார் ஆகியவையும் வேண்டாம். வண்டியோடு தொழிற்சாலையிலிருந்து வந்த பின்பக்கச் சிவப்புப் பிரதிபலிப்பானை அகற்றிவிட்டு அப்படியே ஓட்டுவதும் கூடாது.

புதியதை ஒட்டும்போது

ஒட்டும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பசை சாயத்தைத் தொட முடியாது. ஆகவே நன்றாகச் சுத்தம் செய்து, முழுதும் காய்ந்தபின் ஒட்டுங்கள். அரை நிமிடம் உறுதியாக அழுத்திப் பிடியுங்கள். அழுத்தப் பசை சாயத்தின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் மெல்ல மெல்லப் பாய்ந்து பரவும். அதற்கு நேரம் வேண்டும். ஒரு நாளாவது மழையில் நனைக்காமல் வைத்திருங்கள்.

செய்து பாருங்கள்

இருட்டியபின் வீட்டிலுள்ள மோட்டார் சைக்கிளிலிருந்து இருபது அடி தள்ளி நின்று, ஒரு கைவிளக்கைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பிரதிபலிப்பான்களின்மேல் அடியுங்கள். நல்லவை பளிச்சென்று எரிவதுபோல் தெரியும். மங்கலாகத் தெரிபவை மாற்ற வேண்டியவை. அடுத்து, கைவிளக்கை நண்பரிடம் கொடுத்துவிட்டு நீங்கள் மூன்று அடி பக்கவாட்டில் நகர்ந்து பாருங்கள். என்ன மாற்றம்? ஏன்?

சிந்திக்க

1. சுடுநீர்த் துணி, பனிக்கட்டி இரண்டில் எது அழுத்தப் பசையின் பிடியைத் தளர்த்தும்? டோடோலை நினைத்து விடை கூறுக.

2. ஒரு பிரதிபலிப்புத் தாளை 90 பாகையில் உரிக்க 12 நியூட்டன் விசை தேவை. 180 பாகையில் மடித்து உரித்தால் ஏறத்தாழ எவ்வளவு விசை தேவைப்படும்?

3. மழையில் நனைந்த பிரதிபலிப்பானின் வெளிப்பக்கத்தில் நீர் இருந்தால் பெரிய பாதிப்பில்லை. உட்பக்கத்தில் நீர் புகுந்தால் அது இருண்டுவிடுகிறது. முழு அக எதிரொளிப்பு நடக்கும் இடம் எது என்று யோசித்து விளக்குக.